சாஸில் என்ன குறை

தக்காளி சாஸ் புளித்தது. லிஃப்ட் மெக்கானிக் கரண்டியை நக்கிப் பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி கோபித்துக்கொண்டு தம்பி வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த பாஸ்தாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சாஸ்ல ஏதோ குறையுது" என்று சொன்னது இவர்தான். "அப்போ நீங்களே செஞ்சுக்குங்க" என்று கையைத் துடைத்தவள், அடுத்ததாகப் பெட்டியை எடுத்தாள். போனையும் அணைத்து வைத்திருக்கிறாள்.

வா என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. சமையலில் சந்தேகம் கேட்டால் மானம் போகாது. மைத்துனனை அழைத்தார். அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"மச்சான், சாஸ் புளிக்குது. என்ன பண்றதுன்னு அக்காகிட்ட கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே."

"வேற யாரு கேப்பாங்க மாமா? இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். எங்கோ ஒரு குழாய் திறந்து மூடியது. யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். அவள் நடைதான். மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சர்க்கரை போடணுமாம். தாராளமா ரெண்டு கரண்டி."

போட்டார். சாஸ் ஜாம் ஆயிற்று.

"இனிக்குதுடா."

"இருங்க." இந்த முறை ஒரு இருமல் கேட்டது. பாவம், சளி பிடித்திருக்கிறது. "உப்பை அள்ளிப் போடச் சொல்றா மாமா."

"அள்ளியா? அவ கிள்ளித்தானே போடுவா?"

"உங்க கைக்கு அள்ளினாத்தான் சரிப்படுமாம்."

அவள் சொல்லக்கூடியதுதான். சந்தோஷமாக அள்ளிப் போட்டார். நாக்கு சுருண்டது.

உப்புக்கு ஒரு ஜக் தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு அடுத்த யோசனை வந்தது.

"வேகாத பாஸ்தாவை அப்படியே அதுல கொட்டிடுங்க. தண்ணிய அது குடிச்சிரும்."

"இதைச் சொல்றப்ப முகம் எப்படி இருந்துச்சு?"

"யாருக்கு?"

"அக்காவுக்குத்தான்டா."

"அது வந்து... லேசா சிரிச்ச மாதிரி."

மெக்கானிக் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார். பாஸ்தா குடித்தது. ஊதியது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நடுவில் விட்ட கரண்டி நட்ட கம்பம் மாதிரி நின்றது. அடி தீய்ந்த வாசனை வந்தபோதும் அவர் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்தார். மேஜையில் தட்டு ரெண்டு இருந்தது. இவர்தான் வைத்திருந்தார். ஒன்றை எடுத்து உள்ளே வைக்கப் போனவர், அது கையிலிருக்க நின்றுவிட்டார். திரும்ப மேஜையிலேயே வைத்தார்.

போனை எடுத்தார்.

"அடுத்து என்ன மாமா? கெட்டியாயிடுச்சா?"

"சாஸை விடு. நான் சொல்றதை அப்படியே போய்ச் சொல்லு. அவ சாஸ்ல ஒரு குறையும் இல்ல. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம நான் சொன்னது அது. காலையில எழுந்தா வீடு கம்முனு இருக்கு. பல் தேய்க்கிறது எனக்கே கேக்குது. வரச் சொல்லு மச்சான். நான் சொன்னேன்னே சொல்லு."

மைத்துனன் 'இருங்க' என்று சொல்லவில்லை.

"என்னடா, போய்ச் சொல்லேன்."

"மாமா, அது என்னன்னா..."

போன் கை மாறியது. மைத்துனனின் மனைவி ஒரு முறை இருமிவிட்டுப் பேசினாள்.

"அண்ணா, இவர் இவ்வளவு நேரமா சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்ல. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு அண்ணி காலையிலேயே உங்க வீட்டுக்கு பஸ் ஏறிட்டாங்க."