லூர்துராணி எழுதிய நாவல்

"எழுத்தாளர் லூர்துராணி அவர்களுக்கு" என்று ஆரம்பித்த கடிதத்தைப் பார்த்ததும் பிலோமின்ராஜ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். ஸ்ரீரங்கம் மகளிர் வாசகர் வட்டம் அவளைப் பேச அழைத்திருந்தது.

லூர்துராணி அவன் மனைவி. எழுதுகிறவன் அவன். அனுமதி வாங்காமல் கதை எழுதுகிற சர்க்கார் குமாஸ்தாவுக்கு மெமோ வரும் என்று பயந்து, மாத நாவல்களுக்கெல்லாம் மனைவி பெயரைப் போட்டிருந்தான். ஒன்பது நாவல் வெளிவந்தாயிற்று. ஒருத்தராவது "நீங்களா சார் எழுதினது?" என்று கேட்கமாட்டார்களா என்று உள்ளூர ஒரே ஏக்கம்.

"உடம்பு சரியில்லைன்னு எழுதிப் போட்டுடுங்க," என்றாள் லூர்துராணி.

போட்டான். நாலாம் நாள் வட்டத்தின் தலைவி வேதவல்லி மாமி, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, பஸ் ஏறிப் பாலக்கரை வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து லூர்துராணி கொல்லையில் ஆட்டுக்கல்லைத் தனியாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பேஷ்! உடம்பு முடியாம இருந்தும் என்ன தெம்பு! அப்படியே உங்க நிர்மலாதான். ஞாயித்துக்கிழமை வந்துடணும், சொல்லிட்டேன்."

நிர்மலா புதிய நாவலின் கதாநாயகி. "அழுதுக்கிட்டே இருக்கற பொண்ணு இப்பல்லாம் விலை போறதில்லை சார்" என்று பதிப்பாளர் கறாராகச் சொன்னதால், அவளுக்கு டெலிபோன் ஆபீசில் ஒரு வேலையும், சந்தேகப் புருஷனை எதிர்த்துக் கேட்க ஒரு வாயும் மனசில்லாமல் கொடுத்திருந்தான் பிலோமின்ராஜ்.

இரண்டு பக்கப் பேச்சை எழுதி, மனைவியை மனப்பாடம் செய்ய வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு "எல்லாருக்கும் வணக்கம்" தவிர மற்றதெல்லாம் மறந்துபோனது. அவள் திருதிருவென்று விழிக்க, ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள்.

"மேடம், நிர்மலாவை எப்படிக் கற்பனை பண்ணீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத லூர்துராணி தவித்துப்போனாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாம் எங்க வீட்டுக்காரர் எழுதினது. அதோ, கடைசி வரிசையில உக்காந்திருக்காரு."

"அடக்கத்தைப் பாருங்கோ!" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

தனக்கு வரவேண்டிய கைதட்டல் கண்ணெதிரே கை மாறிப் போவதைப் பிலோமின்ராஜால் பொறுக்க முடியவில்லை. மெமோவாவது மண்ணாவது! எழுந்துவிட்டான்.

"அவ சொல்றது நிஜங்க. நான்தான் எழுதினேன்."

"நன்னாருக்கே! ஆம்படையாள் எழுதினதுக்கும் இவரே சொந்தமா?" என்றது முன்வரிசை.

கல்லூரிப் பெண் அவன் பக்கம் திரும்பினாள். "அப்படின்னா சொல்லுங்க சார். கடைசி அத்தியாயத்துல புருஷன் திரும்பி வர்றான். நிர்மலா என்ன பண்றா?"

இதற்குப் போய் யோசிப்பார்களா? "'என்னை மன்னிச்சிடுங்க'ன்னு அவன் கால்ல விழறா," என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெண் புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள். "'காபிப்பொடி மேல் அலமாரியில இருக்கு, போட்டுக் குடிங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. சாயங்காலம் வந்து பேசிக்கலாம்' என்று சொல்லி நிர்மலா செருப்பை மாட்டிக்கொண்டாள். முற்றும்."

பிலோமின்ராஜ் எழுதிக் கொடுத்த முடிவு இது இல்லை. அச்சான கதையை அவன் திறந்து பார்ப்பதில்லை. ஒரே ஒரு அச்சுப்பிழை கண்ணில் பட்டாலும் இரண்டு நாள் சோறு இறங்காது. விடுவிடுவென்று வெளியே வந்தான். பின்னாலேயே லூர்துராணி ஓடிவந்தாள்.

"அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சப்புறம்தாங்க, நம்ம வீட்டுக்காரருக்கு இம்புட்டு நல்ல மனசான்னு பெருமைப்பட்டேன். அதை நீங்க எழுதலையா?"

அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்பது நாவலின் கைதட்டலும் இப்போது வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்ல முடிந்தால் போதும்.

வாசலில் புத்தகம் விற்க வந்திருந்த அச்சகத்துக் கம்பாசிட்டர் மதுரைவீரன், தலையைச் சொறிந்தபடி கிட்டே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாலு நாவலா, கடைசிப் பக்கத்தை நானா மாத்தித்தான் அச்சுக் கோக்குறேன். வீட்ல எம் பொண்டாட்டி வீராயிக்குப் படிச்சுக் காட்டுவேன். அந்தப் பொண்ணு கால்ல விழுந்துச்சுன்னா, அன்னிக்கு எனக்குச் சோறு கிடையாது சார்!"