ஏழாம் டப்பாவைப் பற்றி ஏரி மாமா எழுதுவது

என் ஒரே அக்காள் பெற்ற ஒரே செல்வமும், உலகத்து மாமன்மார்கள் அத்தனை பேரும் பொறாமையில் வெந்து சாகும்படி என்மேல் பாசம் வைத்திருப்பவளுமான உனக்கு, மேல்மாடி அறையிலிருந்து உன் தாய்மாமன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் உன் அப்பா நலம், அவருடைய முழங்கால் நலம், மாடிப்படி நலம். நான் நலமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் வயசு என்று நினைத்துக்கொள்ளாதே. பயம்.

போன மாதம் நீ வந்து பரணைக் குடைந்து, பதினோரு பழைய சினிமாச் சுருள்களைக் கண்டுபிடித்து, "மாமா, இதெல்லாம் டிஜிட்டலா மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா உக்காந்து பெரிய டிவில பாக்கலாம்" என்று சொன்னபோது நான் சிரித்தேன் அல்லவா? அது சிரிப்பு இல்லை, பல் கிட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் பார்க்கிறேன், நான் நுழைய இடமிருக்கிறதா என்று. உன் அப்பா வேறு, தினமும் காலையில் படியேறி வந்து, "மாப்ளே, ஞாயித்துக்கிழமை முன் நாற்காலி உனக்குத்தான்" என்கிறார். தூக்குத் தண்டனைக் கைதியிடம்கூட இவ்வளவு பிரியமாக யாரும் நாள் குறிக்க மாட்டார்கள்.

காரணம் ஏழாம் டப்பா. நாலு வயசில் நீ ஏரியில் விழுந்ததும், நான் பாய்ந்து உன்னைக் காப்பாற்றியதும் நம் குடும்பத்தின் வீர வரலாறு. அந்த நன்றிக்குத்தான் அத்தான் இந்த அறையை எனக்குக் கொடுத்தார். அந்தப் பெருமைக்குத்தான் நீ என்னை ஏரி மாமா என்று கூப்பிடுகிறாய். முதல் வருஷம் அந்த ஏரி கழுத்தளவு ஆழம். உன் கல்யாணத்தின்போது மூன்று ஆள் ஆழம். உன் மகள் கதை கேட்கும் வயசுக்கு வந்தபோது முதலை ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த முதலைக்கு நான் பொறுப்பில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அது தானாக நீந்தி வந்துவிட்டது. அந்த நாளைப் படம் பிடித்த சுருள்தான் ஏழாம் எண். அது டிவியில் ஓடினால் முதலை மட்டுமல்ல, நானும் காணாமல் போவேன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை குடையை எடுத்துக்கொண்டு, நீ சுருள்களைக் கொடுத்த கடைக்கே போனேன். இரண்டாம் மாடி. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறை. தையல் மெஷின் அளவில் ஒரு இயந்திரம். படச்சுருள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட ஒரு மனிதர் அதைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் காடி வாசம். உன் பெயரைச் சொன்னதும், "உங்க ஃபிலிம்தான் சார், புளிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா அப்படியே சுருண்டு நொறுங்கியிருக்கும்" என்றார். ரெண்டு வருஷம்! நாற்பத்திரண்டு வருஷம் காவல் காத்தவனுக்கு இன்னும் இரண்டே இரண்டு வருஷம் கிடைக்கவில்லை பார்.

ஏழாம் சுருளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "ரசீது இருக்கா சார்?" "ரசீதா? அந்தப் படத்த எடுத்தவனே நான்தான்யா!" "எடுத்தவங்க யாரா இருந்தாலும் குடுத்தவங்ககிட்டதான் சார் திருப்பிக் குடுப்போம்." என்ன ஒழுக்கம்! இந்த மனிதரை எல்லைக் காவலுக்கு அனுப்பினால் காற்றுகூட ரசீது காட்டித்தான் உள்ளே வரும். அந்த நேரம் அவருக்குப் போன் வந்தது. அவர் திரும்பியதும் மேஜைமேல் இருந்த ஏழாம் சுருளைக் குடைக்காம்பில் மாட்டிக்கொண்டு, எட்டு வயசில் மாங்காய் திருடியபிறகு ஓடாத ஓட்டம் ஓடினேன். கீழே தெருவாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், குடையில் வெறும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தின் நுனியை அவர் மேஜையில் இடுக்கி போட்டு வைத்திருந்தாராம். ஐம்பதடிப் படமும் மாடிப்படி முழுக்க எனக்குப் பின்னால் வாலாக நீண்டு கிடக்கிறது. மேலே கைப்பிடிச் சுவரில் இரண்டு வெள்ளைக் கையுறைகள் தெரிந்தன. "சார், அப்படியே நில்லுங்க. இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்."

நின்றேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. படிப்படியாக இறங்கிவந்து, படத்தைக் கையில் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தார். "சார், இது முந்தாநேத்தே ஸ்கேன் ஆயிடுச்சு. மூணு எடத்துல காப்பி இருக்கு. இத எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க?" அந்தக் காலத்தில் ஒரு மனிதனின் மானத்துக்கு ஒரே ஒரு பிரதிதான், ஒரு தீக்குச்சி போதும். இப்போது மூன்று இடம்! எந்த மூன்று என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கிறது நீங்கதானே? கடைசி வரைக்கும் பாத்திருக்கீங்களா சார்?" என்றார். அவர் கேட்ட போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் எல்லாவற்றையும் உனக்கு அனுப்புகிறார். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் மௌனம் கேட்கும்.

கேள். நான் குதிக்கவில்லை. சாவி கொடுத்தால் ஒரு நிமிஷத்துக்குமேல் தானாக ஓடும் கேமரா அது. முழுச்சாவி கொடுத்து, தண்ணீர் ஓரத்தில் நீ விளையாடுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். நீ வழுக்கி விழுந்தாய். நான் முதலில் செய்த காரியம், கேமரா நனைந்துவிடக் கூடாதே என்று அதைப் பாறைமேல் பத்திரமாக வைத்தது. வைத்தபிறகு ஆடுகிறதா என்று ஒருமுறை தொட்டும் பார்த்தேன். அதன்பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு இடது பக்கம் ஓடினேன், வலது பக்கம் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கணுக்கால் தண்ணீரில் கால் வைத்ததும் சேற்றில் குப்புற விழுந்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போய், பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல உன் கவுனைப் பிடித்துத் தூக்கி, என் கையில் கொடுத்து, என் பரம்பரையையே திட்டிவிட்டுத் தூண்டிலுக்குத் திரும்பிவிட்டார். எல்லோரும் ஓடி வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்து, கையில் உன்னோடு நின்றது நான். "என் தம்பிதான் குதிச்சான்!" என்று கூவினாள் உன் அம்மா. இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, வாய் நிறையச் சேறு.

கழுவிய சுருள் தபாலில் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் ஓட்டிப் பார்த்தேன். தலையில் கைவைத்தபடி நான் ஓடும் இடம் வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பாறைமேலிருந்து கேமரா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது! ப்ரொஜக்டர் பல்பு போய்விட்டது, எங்கும் கிடைப்பதில்லை என்று நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேனே, அது என் பெட்டியில் ஒரு சாக்ஸுக்குள் இருக்கிறது. ஏன் எரிக்கவில்லை என்று கேட்பாய். நாலாயிரம் தடவை தீப்பெட்டியை எடுத்தேன். அந்தச் சுருளின் ஆரம்பத்தில் பதினோரு விநாடி உன் அம்மா உனக்குத் தலை வாருகிறாள். நீ திமிறுகிறாய், அவள் சிரிக்கிறாள். மற்ற பத்துச் சுருளிலும் அவள் இல்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் நம்மை விட்டுப் போய்விட்டாள். "அம்மா இருக்கிற படம் ஏதாவது இருக்கா மாமா?" என்று நீ பத்து வயசில் கேட்டபோது இல்லையென்று சொன்னவன் நான். அத்தான் அறையைத் திருப்பிக் கேட்டால் படிக்கட்டில் படுத்துக்கொள்வேன். அந்த ஒரு "இல்லை"க்காக நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்பதுதான் என் பயம். மற்ற பயமெல்லாம் அதற்குப் போட்ட வேஷம்.

ஆகையால் ஏழாம் எண்ணை நீ தனியாகப் பார். உன் அம்மாவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடு. உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, உன் மகளுக்கு என் முத்தங்கள், முதலைக்கு என் அனுதாபங்கள். நூறு வயசு வரை நீ கரையிலேயே நன்றாக இரு.

இப்படிக்கு,
கரையிலேயே நின்ற உன் மாமன்

பி.கு.: மேலே உள்ளதில் ஆசியைத் தவிர அத்தனையும் ரத்து. உறையை ஒட்டும் நேரத்தில் கையுறைக்காரர் என் போனுக்குப் படத்தை அனுப்பினார், "கடைசி வரைக்கும் பாருங்க சார்" என்று. பார்த்தேன். நான் சேற்றில் கிடக்கும்போதே எனக்குப் பின்னால் உன் அம்மா ஓடி வந்து நிற்கிறாள். தூண்டில்காரர் உன்னை என் கையில் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவர் என்னைத் திட்டுவதையும் பார்க்கிறாள். சத்தம் இல்லாவிட்டாலும் வாயசைவு தெளிவாக இருக்கிறது. உன் மகளின் கண்ணைப் பொத்திவிடு. பிறகு உன் அம்மா திரும்பி, ஓடிக்கொண்டிருக்கும் கேமராவைக் கவனிக்கிறாள். நேரே நடந்து வருகிறாள். திரை முழுக்க அவள் முகம். அழுதுகொண்டே சிரிக்கிறாள். கையால் லென்ஸை மூடி, கேமராவை நிறுத்திவிடுகிறாள். சாவி தீர்ந்து நின்றது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? அதற்கப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்துக் கூவியிருக்கிறாள், என் தம்பிதான் குதிச்சான் என்று. ஒரு விநாடிகூட வெட்டாதே. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிப் போடு. முன் நாற்காலியில் நானே உட்காருகிறேன். பல்பை அத்தானிடம் கொடுத்துவிட்டேன். "எங்கடா கெடச்சுது?" என்றார். "ஏரிக்குள்ள முங்கி எடுத்தேன் அத்தான்" என்றேன். இந்தப் பொய்யும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தானே.