புகை பாயின் தவழும் வகுப்பு

எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டி தீயைத் தேடிப் போனதைவிடப் புகை பாயைத் தேடி வந்ததுதான் அதிகம். பாய் வெள்ளிக்கிழமைதோறும் கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சங்கரன்கோவிலில் வீடு வீடாகச் சாம்பிராணி போடுவார். மற்றவர்கள் ஒரு சிட்டிகை போடுவார்கள். இவர் ஒரு கைப்பிடி. ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது பயந்துபோய் ஃபோன் செய்வார். வண்டி மணியடித்துக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். பாயின் தூபக்காலைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். முதலில் புகுவது என் ஐந்து வயதுப் பேத்தி வள்ளி. இது பாயின் மனதைப் புண்படுத்திவிட்டது.

“என் புகைக்கே ஒளியுதாளே அண்ணாச்சி. நெசமாத் தீப்பிடிச்சா இவள எங்கன போய்த் தேடுவிய?”

அன்று முதல் சாம்பிராணி இரண்டாம் வேலையாகிவிட்டது. கூடத்தில் புகையைப் பரப்பிவிட்டுப் பிள்ளைகளைத் தவழ விடுவார்.

“மூக்கு கீழ மக்கா. புகை மேல போவும், நீ கீழ போ. பொம்மைய எடுக்கப்படாது. கட்டிலுக்கு அடில போனா அடுத்த வாரம் ரெண்டு கைப்பிடி.”

தவழ்ந்து வெளியே வந்ததும் தெரு முக்கிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று தலை எண்ண வேண்டும்.

பிறகு வீடுகளைச் சோதித்தார். பதினொரு வீடுகளில் பின்வாசலை பீரோ, நூல் மூட்டை, வாஷிங் மெஷின் என்று ஏதாவது ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. என் வீட்டில் வாஸ்து பார்த்துச் சுவரே வைத்திருந்தோம்.

“அண்ணாச்சி, அந்தச் சுவரு விஷயம் நெருப்புக்குத் தெரியுமா?”

கிரில் கேட் சாவியை நாங்கள் ஃபிரிட்ஜ் மேல் வைப்போம். பாய் வள்ளியின் தோள் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

“திருடன் எடுத்துருவான், பாய்.”

“திருடன் வெளிய நிக்கான். பிள்ளை உள்ள நிக்கி. சாவி யாருக்கு?”

வினை எதிர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வந்தது. ஹோமப் புகை எழுந்ததும் பிள்ளைகள் வரிசையாகத் தவழ்ந்து வெளியேறித் தொட்டியடியில் நின்றுகொண்டன. வீட்டுக்காரர் அபசகுனம் என்று கொதித்தார். பாய் இனி இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று பத்து வீடுகள் கூடி முடிவு செய்தன. மூன்று வெள்ளி பாய் வரவில்லை.

நான்காம் வெள்ளி மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த எனக்குப் புகை வாசம் தட்டியது. “வாங்க பாய், கோவம் தணிஞ்சுட்டா?” என்றேன்.

வள்ளி என் வேட்டியை இழுத்தாள். “தாத்தா, இது பாய் இல்ல. நாத்தமா இருக்கு. மூக்கக் கீழ வையி.”

இன்வெர்ட்டர் எரிந்துகொண்டிருந்தது.

“கண்ணாடிய மட்டும் எடுத்துக்கிடுதேன்.”

“எடுக்கப்படாது.”

தவழ்ந்தேன். அவள் எனக்கு முன்னால் தவழ்ந்தாள். கட்டில் இருந்த அறைப் பக்கம் திரும்பவே இல்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். தொட்டியடியில் நிறுத்தி என்னையும் எண்ணினாள்: “ஒண்ணு, ரெண்டு. சரி.”

எதிர் வீட்டுக்காரர் வாசல் மெயினை அணைத்து, வீடு கட்டி மிஞ்சிய மணலைக் கொட்டினார். இன்வெர்ட்டரோடும் ஒரு திரைச்சீலையோடும் போயிற்று. பிறகு வந்த தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி: “பாய் எங்க?”

அடுத்த வெள்ளி எதிர் வீட்டுக்காரரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாயைக் கூட்டிவந்தார். பாய் கரி பிடித்த சுவரைப் பார்க்கவில்லை. குனிந்து, தோல் உரிந்த என் முட்டிகளைப் பார்த்தார்.

“நல்லாத் தவழ்ந்திருக்கிய, அண்ணாச்சி.”

பதினேழு வருடம் படித்திருக்கிறேன். என்னிடம் அப்படிச் சொன்ன ஒரே வாத்தியார் அவர்தான்.