இரும்புக்கு வைத்த பொட்டு

பாய்லர்மேக்கர் வேலைக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் தேறாத பிள்ளைகளைப் பெற்றவர்கள். என் அப்பாவும் அப்படித்தான் என்னை எங்கள் தீவில், ரக்கிரக்கி ஊருக்குப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கொண்டுபோய்த் தள்ளினார். அரவை முடிந்து ஆறிய பாய்லருக்குள் தவழ்ந்து போய், படிந்து கிடக்கும் உப்பைச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். காதடைத்து வெளியே வந்தால் போர்மேன், "நாளைக்கும் வா" என்பார். மறுநாளும் போகிறவன் பாய்லர்மேக்கர் ஆகிறான். தகடு வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் எல்லாம் அதற்கப்புறம். (இத்தனைக்கும் நான் ஒரு பாய்லர்கூடச் செய்ததில்லை. ஓட்டை அடைத்ததோடு சரி.)

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கரும்பு வெட்டக் கப்பலில் வந்த கூலிகளின் வாரிசாக இங்கேயே பிறந்து, இங்கேயே கரும்புத் தூசியில் இருமிக்கொண்டிருந்த எங்களை ஒரே நாளில் விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். அதுவும் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கப்படும் விருந்தாளி. டாக்டர், வாத்தியார் எல்லாரும் விமானம் ஏறினார்கள். சுவரில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாத என் சகலைகூடச் சிட்னி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எனக்குப் புத்தி சொன்னான்.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் ஆள் எடுக்க நடபுவா ஊருக்கு வந்தார். இரண்டு இரும்புத் தகடுகளை விளிம்பு தீட்டி நாமே கொண்டுபோக வேண்டும். அவர் எதிரில் வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும். அவர் அதை வளைத்துப் பார்ப்பார். விரிசல் விடாவிட்டால் எனக்கும் மனைவி சாவித்திரிக்கும் இரண்டு பெண்களுக்கும் விசா. சாவித்திரி அந்த நம்பிக்கையில் கட்டிலையே விற்றுவிட்டாள்.

நான் கண்ணாடிபோலத் தீட்டி வைத்திருந்த தகடுகளை மாமியார் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். ஆலையில் அரவை தொடங்கும்போது பாய்லர் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அதே கணக்கு.

"மாமி, விளிம்புல என்ன வச்சீங்க?"

"மஞ்சளும் குங்குமமும் மாப்ளே. நல்லெண்ணெயில கொழச்சி வச்சேன். ரெண்டும் சேர்ற எடத்துலதானே சாமி வோணும்?"

கதவுக்கு வைத்த பொட்டு கதவோடு போகும். ஒட்டப்போகிற விளிம்பில் எண்ணெய் இருந்தால் வெல்டிங்குக்குள் குமிழி கட்டி, உள்ளே ஓட்டையாக நிற்கும். இதைப் புதுப் பையன்களுக்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவன் நான். வழியில் துடைத்துக்கொள்ளலாம் என்று மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். (மாமியார் எதிரில் துடைக்கும் தைரியத்தை எந்த ஆலையிலும் சொல்லித் தருவதில்லை.)

பாதி வழியில் ராணுவம் பஸ்ஸை நிறுத்தியது. எல்லார் பையையும் ரோட்டில் கொட்டினார்கள். ஒரு கிழவியின் அரிசியைக்கூட விடவில்லை. மீசை முளைக்காத ஒரு சிப்பாய் என் மூட்டையைத் துப்பாக்கியால் குத்தி, "கோன் சீஜ்?" என்று கரும்புத் தோட்டத்தில் நாங்கள் பேசும் இந்தியிலேயே கேட்டான். என்ன அது என்கிறான். பிரித்துக் காட்டினேன். மஞ்சளும் சிவப்பும் எண்ணெயுமாக இரண்டு இரும்பு. செய்வினை என்று நினைத்தானோ என்னவோ, முகம் வெளிறிப் பின்னால் நகர்ந்து, போ போ என்று கையை ஆட்டினான்.

பக்கத்துச் சீட்டுக்காரர், "ஒம் மூட்டையில சக்தி இருக்குதுடா" என்றார்.

நாட்டையே பிடித்தவர்கள் என் மாமியாரின் மஞ்சளுக்குப் பயந்துவிட்டார்கள்! அந்த நிமிடமே என் மூளை கழன்றது. நடபுவாவில் கையில் துணி இருந்தது, கம்பி பிரஷ் இருந்தது. துடைக்கவில்லை. அப்படியே நெருப்பு வைத்தேன்.

மஞ்சள் புகை கிளம்பியது. தாளிக்கிற வாசனை வந்தது. கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால், என் வெல்டிங் ஆப்பம்போல இருந்தது. ஆஸ்திரேலியாக்காரர் அதை எந்திரத்தில் வைத்து அழுத்தினார். பாதிகூட வளையவில்லை, பிளந்தது. அதை மோந்து பார்த்துவிட்டு, "இதில் என்ன சமைத்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"காட், சார்" என்றேன். சாமியை அவருக்கு வேறு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து மாமியாரைப் பிடித்துக் கத்தினேன். "ஒங்க சாமி உள்ள பூந்து ஓட்ட போட்டுட்டாரு!"

அவர் அசரவில்லை. "நான் வச்சேன். தொடைக்க வாணாம்னு சொன்னேனா?"

சாவித்திரி கட்டில் இல்லாத அறையில் பாயை விரித்து, பெண்களைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்குத் துப்பாக்கிக்காரன் மேல் கோபம், சகலை மேல் கோபம், மாமியார் மேல் கோபம். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மடையன் மேல்தான் அதிகம்.

பெண்கள் பிற்பாடு தாங்களாகவே படித்துப் பிரிஸ்பேன் போனார்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாலும் பந்தயம் என்றாலும் எனக்குப் போன் வரும். எடுத்தவுடன், அம்மாக்களிடம் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, "தாத்தா, தொடச்சிட்டியா?" என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

எனக்குக் கோபம் சுள்ளென்று வரும். "தொடச்சிட்டேன்டா கண்ணு" என்பேன். அதோடு எங்கள் தமிழ்ப் பேச்சு முடிந்துவிடும். மீதியெல்லாம் இங்கிலீஷ்.