எலி இன்ஸ்பெக்டர் வீட்டில் செத்த எலி

கம்பம் பள்ளத்தாக்கில் எலிகளுக்கென்று ஒரு சாமி இருந்திருந்தால், எலி இன்ஸ்பெக்டரைப் பற்றிய புகார்களைக் கேட்டே அதற்குப் பொழுது போயிருக்கும். கூடலூர் மலையடிவாரத்திலிருந்து தேனி வரை அவருக்குப் பயப்படாத எலி கிடையாது. மனிதர்களும் கிடையாது.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தைய காலம். எங்கள் பக்கம் பிளேக் விருந்தாளி மாதிரி வருவதும் போவதுமாக இருந்தது. பஞ்சாயத்து போர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டராக மதுரையிலிருந்து வந்தவர், எங்கள் பக்கத்து வீட்டில் ஒண்டிக்கட்டையாகக் குடியேறினார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யார் கேட்டார்கள்?

ஒரு வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் அந்த வீட்டையும் இரண்டு பக்கத்து வீடுகளையும் காலி செய்ய வேண்டும். ஓட்டைப் பிரித்து வெயில் விடுவார்கள். வளைகளுக்குள் விஷப்புகை அடிப்பார்கள். வீட்டுக்காரர்கள் தோப்பில் குடிசை போட்டுக் கிடக்க வேண்டியதுதான். இதற்குப் பயந்து எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. செத்த எலியை முறத்தில் அள்ளி, சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக் கொல்லைக்குள் போட்டுவிடுவார்கள். அவர்கள் அதற்கு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். உயிரோடு இருந்தபோது போகாத வீட்டுக்கெல்லாம் எலி செத்த பிறகு போய்வந்தது.

இன்ஸ்பெக்டரை இதில் ஏமாற்ற முடியாது. அவருக்குக் கருவி அவருடைய கால்தான். முழங்கால் வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வீட்டு நடுவில் கொக்கு மாதிரி அசையாமல் நிற்பார். எலி செத்த வீடென்றால், அதன் உடம்பை விட்டு வெளியேறிய தெள்ளுப்பூச்சி துள்ளி வந்து எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும்; பிளேக்கைப் பரப்புவதே அதுதான்.

எதிர்க்கடை ராவுத்தருக்கு இதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. "என்னங்கய்யா, காலுக்குத் தாளிப்பு ஆயிருச்சா?" என்பார்.

"ஆயிருச்சு ராவுத்தரே. இன்னைக்கு ஒங்க கடையிலதான் பரிமாறப் போறேன்" என்று இவர் உள்ளே நுழைவார்.

எல்லாருக்கும் எரிச்சல் மூட்டியது அவருடைய பெருமைதான். "என் வீட்டுல ஒரு எலி செத்து விழட்டும், அன்னைக்கே இந்த உத்தியோகத்த விட்டுர்றேன்" என்று சந்தையில் நின்று சொல்வார்.

இப்படி இருக்கையில் என் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மார்க்கையன்கோட்டை. அவர்கள் சகுனம் பார்க்கிற கூட்டம். பெண் அழைக்க வந்த வழியில் பூனை குறுக்கே போனதென்று வண்டியைத் திருப்பிய பரம்பரை. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் அம்மா ஒரு எலியைப் பார்த்தார். மல்லாந்து கிடந்தது.

"ஆத்தாடி!" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெண் வீட்டில் எலி செத்தது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஊர் எல்லையிலேயே திரும்பிவிடுவார்கள். தங்கை அறைக்குள் அழ ஆரம்பித்தாள். அப்பா எலியை முறத்தில் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். ஓடிய பிறகுதான் யோசித்தார். ஒரு பக்கம் சந்து, அதில் பந்தல்காரர்கள். இன்னொரு பக்கம் இன்ஸ்பெக்டர் வீடு.

முறமும் கையுமாக அவர் விழித்துக்கொண்டு நிற்கும்போதே, "என்னங்க, பந்தலெல்லாம் பெருசா இருக்கு" என்று இன்ஸ்பெக்டர் எண்ணெய்க் காலோடு உள்ளே வந்தார். அப்பா முறத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இன்ஸ்பெக்டர் குலுக்கைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து காலைப் பார்த்தார்.

"எலி எங்கன?"

"எந்த எலி?"

"முதுகுக்குப் பின்னால வச்சிருக்கீகள்ல, அந்த எலி."

அப்பா உடைந்துபோனார். "வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க, பண்றோம். ஆனா இங்கன எலி செத்துச்சுன்னு தெரிஞ்சா ஏம் மகளக் கட்ட மாட்டாகய்யா."

இன்ஸ்பெக்டர் முறத்தை வாங்கினார். தகர டப்பாவில் எலியைப் போட்டு, பூச்சி சாக மண்ணெண்ணெய் ஊற்றினார். டப்பாவைத் துண்டால் மூடிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தெருவே அதிரும்படி அவர் குரல் கேட்டது.

"என் வீட்டுல எலி விழுந்துருச்சுய்யா! ரெண்டு பக்கமும் காலி பண்ணுங்க!"

ஊர் கொண்டாடிய கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. ராவுத்தர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். "ராஜினாமா எப்பங்கய்யா?"

"எலி மொதல்ல போகட்டும். நான் பின்னாலயே வாரேன்."

பக்கத்து வீடு என்பதால் எங்கள் வீடும் காலியானது. பந்தலைப் பிரித்துத் தென்னந்தோப்பில் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாட்டுவண்டிகளில் வந்து இறங்கி, கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சகுனம் பார்க்கவே மறந்துபோனார்கள். தோப்பில் இன்ஸ்பெக்டர் போன பக்கமெல்லாம் கேலி. பெரிய ஆபீசர் ஒருவர் ஜட்கா வண்டியில் வந்து, எல்லார் முன்னாலும் அவரைக் கண்டபடி திட்டிவிட்டுப் போனார். கைகட்டிக் கேட்டுக்கொண்டார் மனிதர். உண்மை எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனபோது, 'சும்மா இரு' என்று கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

முகூர்த்த நேரம் வந்தது. "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? வந்து மால எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரிடம் அப்பா சொல்லி வைத்திருந்தார். அவரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

அம்மா முன்னால் வந்தார். "அந்தா, கடைசியில நிக்கிறாகள்ல, அவுகளக் கூப்புடுங்க."

"ஆரு, எலி செத்த வீட்டுக்காரரா?"

"ஆமா. எங்கண்ணன் அவுகதான்" என்றார் அம்மா.

ஒன்றுவிட்ட அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "மருந்து தொட்ட கை, கழுவிட்டு வாரேன்" என்று முணுமுணுத்தபடி இன்ஸ்பெக்டர் வாய்க்காலில் இறங்கினார். நேரம் தப்புகிறதென்று அய்யர் கத்தினார். இவர் எழுந்து வருவதாக இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. முகத்தைத்தான் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா, நேரமாச்சு" என்றேன். அதுவரை அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.