சாஸுக்காரர் கடையில் ஒரு ஜப்பான் பெண்

உலகத்திலேயே சாம்பாருக்காக அனுதாபப்பட்ட ஒரே மனிதர் எங்கள் சாஸுக்காரர்தான்.

"பாவங்க நம்ம சாம்பாரு. ஒரு சொட்டு சாஸு விழுந்தா இதோட தலையெழுத்தே வேற" என்பார், சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

பினாங்கில் ஒரு ஜப்பானியர் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தார். ஜப்பானோடு யுத்தம் மூண்டு கப்பல் நின்றுவிட்டது. அன்னவாசலில் இட்லிக் கடை போட்டார். நான் அங்கே பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், பிரம்மச்சாரி. மூன்று வேளையும் அவர் கடைதான்.

சாஸ் என்பது சோயா மொச்சையைப் புளிக்கவைத்து இறக்கும் கறுப்புத் தண்ணீர். கொண்டுவந்த பாட்டில் தீர்ந்ததும், உளுந்தையும் உப்பையும் ஜாடியில் போட்டுத் தாமே செய்து பார்த்தார். ஜாடியைத் திறந்த அன்று பக்கத்துத் தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார்.

"கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க, மாஸ்டர்."

கண்ணை மூடலாம். மூக்கை என்ன செய்வது?

கல்லாவுக்கு மேலே சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சாஸ் கம்பெனியின் விளம்பரப் படம் தொங்கியது. பூப்போட்ட அங்கி, தூக்கிக் கட்டிய கொண்டை, கையில் பாட்டிலுடன் ஒரு ஜப்பான் பெண். குளத்தூர் வண்டிக்காரர் ஒருவர் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

"சாமி இல்லங்க, இது சாஸு."

"அப்படியா? சாஸு அம்மன் எந்தூருங்க?"

ஒருநாள் ஏட்டு வந்தார். "யோவ், எதிரி நாட்டுப் பொம்பளையச் செவுத்துல மாட்டிக்கிட்டா இட்லி விக்கிறே?"

"அந்தம்மா கையில பாட்டில்தானுங்க இருக்கு, துப்பாக்கியா இருக்கு?"

"நாளைக்கு வாரேன். இவ இங்க இருந்தா, நீ உள்ள இருப்பே."

சாயங்காலம் படத்தைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "மாஸ்டர், இவளத் தமிழ்ப் பொம்பளையா ஆக்கிருங்க."

அங்கியைச் சேலையாக்கினேன். பொட்டு வைத்தேன். பாட்டில்மேல் 'நல்லெண்ணெய்' என்று எழுதினேன். மூக்குத்திக்குத் தூரிகையைக் கொண்டுபோனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க, அவ மூக்குக் குத்தல. இங்கிட்டுக் கன்னத்துல ஒரு மச்சம் வைங்க."

"யாருக்கு?"

"எம் பொஞ்சாதிக்கு. பினாங்குல இருக்கா. இருக்காளான்னு தெரியலைங்க. இந்தப் படத்த அவதான் பெட்டியில வச்சுவிட்டா. 'வெளம்பரத்தையாவது பாத்துக்கிட்டு இருங்க'ன்னா."

அதுவரை சாஸைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை. மச்சத்தை வைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேல" என்றார்.

மறுநாள் ஏட்டு அண்ணாந்து பார்த்தார். "இது யாருய்யா?"

"எஞ் சம்சாரமுங்க."

"எண்ணெ யாவாரமா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

யுத்தம் முடிந்தபின், ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் பினாங்கிலிருந்து திரும்பி வந்து சேதி சொன்னார்: அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறாள், ஆப்பக் கடை போட்டிருக்கிறாள். சாஸுக்காரர் சிரித்தார், அழுதார், அடுப்பில் இட்லியைக் கருக விட்டார். வாரத்துக்குள் கடையை மூடிவிட்டார்.

வழியனுப்பப் போனேன். பஸ் நகரும்போது டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போட்டு, இறங்கி ஓடிவந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மாஸ்டர், நாளையிலேருந்து சாப்பாட்டுக்கு எங்கிட்டுப் போவீங்க?"

எனக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அப்படி என்னை யாரும் அப்புறம் கேட்டதில்லை.