சாம்பல் நிறப் பொத்தானும் மரகதம் என்ற அழுங்கும்

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. அதைக் கடக்க நினைத்த விலங்குகள் முன்பெல்லாம் நீந்தின, இல்லாவிட்டால் கடக்காமலேயே இருந்துவிட்டன. காடு முன்னேறிய பிறகு தெப்பம் வந்தது. தெப்பத்தை இழுக்க நீர்நாய்கள் வந்தன. நீர்நாய்களைக் கூப்பிடக் கரையில் ஒரு தொடுதிரை வந்தது. திரையில் 'தெப்பத்தை அழை' என்று ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் மணி அடிக்கும், தெப்பம் வரும், படித்துறைக் கதவு திறக்கும்.

வரிசையில் நிற்காமல் யாரும் ஆற்றில் இறங்கிவிடக் கூடாது என்று கரை நெடுக உயரமான மூங்கில் தட்டியும் கட்டியிருந்தார்கள். ஆகவே திரைக்கு முன்னால் நிற்பவருக்குத் திரை நன்றாகத் தெரியும். ஆறுதான் தெரியாது.

ஒருநாள் காலை மரகதம் என்ற அழுங்கு, குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு படித்துறைக்கு வந்தது. அழுங்கைப் பார்க்காத குழந்தைகளுக்குச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் செதில், வாயில் நீண்ட நாக்கு, பல் ஒன்றுகூடக் கிடையாது. ஆபத்தென்றால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். எறும்பைக் கண்டால் மட்டும் ஆபத்து, அவசரம் எல்லாம் மறந்துவிடும்.

பொத்தானை அழுத்தித் தெப்பம் வந்ததும், அதில் வாலை வைத்த நேரத்தில், கதவோரமாக ஓர் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. மரகதம் எட்டி ஒரே ஒரு நக்கு நக்கியது. அதற்குள் குட்டி வாலிலிருந்து வழுக்கித் தெப்பத்தில் விழுந்தது. நீர்நாய்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. கதவும் மூடிக்கொண்டது.

குட்டிக்கு இன்னும் செதில் முற்றவில்லை. சுருண்டு படுத்தாலும் நரிப் பல் இறங்கும். பொழுது சாய்ந்தால் அக்கரை நரிகள் புதரைவிட்டு வெளியே வரும்.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தது. சற்று முன்பு பச்சையாக இருந்த பொத்தான், சாம்பல் நிறமாக இருந்தது. காலால் அழுத்தியது. மூக்கால் அழுத்தியது. நாக்காலும் அழுத்திப் பார்த்தது.

"மெதுவாம்மா, அதுக்கு வலிக்கப் போகுது" என்றது வரிசையில் பின்னால் நின்ற மந்தி.

"ஏங்க, இது ஏன் சாம்பலா இருக்கு?"

"சாம்பலா இருந்தா காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"பச்சையாகிற வரைக்கும். இதுகூடத் தெரியாமயா ஆத்தைக் கடக்க வந்தே?"

மதியம், படித்துறை அதிகாரியான கரடி இரண்டு நிபுணர்களோடு வந்தது. ஒருவர் பச்சோந்தி சபாபதி. மற்றவர் ஆமை நல்லசிவம். காட்டில் உள்ள பொத்தான்களுக்கெல்லாம் இவர்கள்தான் பொறுப்பு.

"ஐயா, என் குட்டி அக்கரையில மாட்டிக்கிச்சு. இந்தப் பொத்தான் வேலை செய்யலை" என்று மரகதம் அழுதது.

"அருமையான உதாரணம்!" என்றார் சபாபதி. "வேலை செய்யாத பொத்தானை நான் சொன்னபடி சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறோம். அது இருக்கிறது என்று இந்த அம்மாவுக்குத் தெரிகிறது. இப்போது இல்லை என்றும் தெரிகிறது. நிறத்தை மாற்றிவிட்டால் போதும், நல்லசிவம். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பிழைக்கிறேன்."

"அதனால்தான் இந்த அம்மா அழுகிறார்" என்றார் நல்லசிவம். "பொத்தானே கண்ணில் படாவிட்டால் ஏன் அழப்போகிறார்? ஒன்று நமக்கு உதவாத நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான்."

மரகதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "ஏன் வேலை செய்யலைன்னு பொத்தானுக்குக் கீழே ஒரு வரி எழுதிவெச்சா என்னங்க?"

நிபுணர்கள் முகம் சுளித்தார்கள்.

"எழுதினால் திரையின் அழகு கெட்டுவிடும்" என்றார் சபாபதி.

"எழுதினால் படிப்பார்கள்" என்றார் நல்லசிவம். "படித்தால் அடுத்த கேள்வி கேட்பார்கள்."

கரடி கனிவோடு சொன்னது: "காரணம் எங்களுக்குத் தெரியும் அம்மா. அது போதாதா?"

பிறகு சோதனைக்காகப் பொத்தானை மறைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நல்லசிவம் கையிலிருந்த பலகையைத் தட்டியதும் திரையில் பொத்தான் மறைந்தது. புதிதாக வரிசைக்கு வந்த முயல்கள் வெறும் திரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி நடக்கத் தொடங்கின.

"பொத்தான் எங்கே? இங்கேதானே இருந்துச்சு!" என்று மரகதம் கத்தியது.

"எந்தப் பொத்தான்?" என்றது ஒரு முயல், தன் தோழியிடம். "வெயில்ல நின்னு நின்னு பாவம், என்னமோ ஆயிடுச்சு."

"பார்த்தீர்களா? புகார் அளவு குறைந்துவிட்டது" என்றார் நல்லசிவம். "மிச்சம் இருப்பது ஒரு புகார்தான். அதுவும் மனநிலை சம்பந்தப்பட்டது."

சபாபதி கோபித்துக்கொண்டு பொத்தானை மறுபடி சாம்பலாக்கினார். வரிசை கைதட்டியது. "அப்பாடா, சாம்பல் வந்துடுச்சு! நல்ல காலம்தான்" என்று மந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வெயில் இறங்கத் தொடங்கியது. நிபுணர்கள் சாம்பலில் எது நல்ல சாம்பல் என்ற கட்டத்துக்கு வந்திருந்தார்கள். அப்போது படபடவென்று சத்தம். மூங்கில் தட்டியைப் பிளந்துகொண்டு ஆற்றுப் பக்கத்திலிருந்து வீராயி என்ற எருமை வந்து நின்றது.

"தட்டியை உடைத்துவிட்டாயே!" என்று கரடி அலறியது.

"தட்டியா? நான் முதுகு சொறிய ஏதோ கட்டிவெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

மரகதம் அதன் கால்களைப் பார்த்தது. "அக்கா, அக்கரையிலிருந்தா வர்றே? கால் நனையவே இல்லையே?"

"ஆத்துல தண்ணி ஏதுடி? மேலே அணையைச் சாத்திட்டானுங்க. தெப்பம் மணல்ல குந்திக்கிட்டு இருக்கு, நீர்நாயெல்லாம் தண்ணியைத் தேடிப் போயிடுச்சு. அதுக்குள்ள பந்து மாதிரி ஒரு குட்டி சுருண்டு கெடக்கு, பெத்தவ எங்கே போய்த் தொலைஞ்சாளோ."

தண்ணீர் இல்லாததால் தெப்பம் ஓடவில்லை. தெப்பம் ஓடாததால் பொத்தான் சாம்பலாகிவிட்டது. தண்ணீர் இல்லாததால்தான் நடந்தே போகலாம். அந்த ஒரு வரியைத்தான் காலையிலிருந்து யாரும் எழுதவில்லை.

மரகதம் தட்டியின் ஓட்டை வழியாகப் பாய்ந்தது. உலர்ந்த மணலில் ஓடித் தெப்பத்தை அடைந்தது. குட்டி சுருண்டபடியே இருந்தது. புதரில் இரண்டு நரிகள் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன. குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே ஓடியது.

திரும்பி வந்து பார்த்தால் தட்டியில் ஓட்டை இல்லை. ஒரு வரி எழுத நேரமில்லாதவர்கள், அதற்குள் தட்டியைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். மேலேயிருந்து தண்ணீர் வரும் இரைச்சல் கேட்டது. அணையைத் திறந்துவிட்டார்கள். மரகதம் யோசிக்கவில்லை. அழுங்குக்கு நகம் எதற்கு இருக்கிறது? தட்டிக்கு அடியில் மண்ணைப் பறித்துக் குட்டியோடு இந்தப் பக்கம் வெளியே வந்தது. அந்த நேரத்தில் திரையில் பொத்தான் பச்சையானது.

"பார்த்தீர்களா? பொறுமையாக இருந்தால் எல்லாம் வேலை செய்யும்!" என்று நிபுணர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

கரடி மட்டும் சிரிக்கவில்லை. "மரகதம், நீ அக்கரைக்குப் போனதாகத் திரையில் பதிவே இல்லை. ஆனால் திரும்பி வந்திருக்கிறாய். போகாமலேயே திரும்பி வருவது குற்றம்."

தண்டனையைத் தீர்மானிக்கும்போது நிபுணர்கள் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். ஒழுங்காகக் காத்திருப்பவர்களுக்குப் பொத்தான் சாம்பலாகத் தெரிய வேண்டும். மரகதத்தைப் போன்றவர்களுக்கு மறைந்துவிட வேண்டும். திரை முகத்தைப் பார்த்து ஆளை அறியும்படி செய்யப்பட்டது.

அன்றிலிருந்து மரகதம் போய் நின்றால் திரை வெறுமையாக இருக்கும். பார்க்க அங்கே ஒன்றும் இல்லாததால், அது தட்டிக்கு அடியில் பறித்து ஆற்றை எட்டிப் பார்க்கும். தண்ணீர் இல்லையென்றால் நடந்து போகும். இருந்தால் வீட்டுக்குப் போகும். வரிசையில் நிற்கும் மந்தியும் முயல்களும் அதைப் பார்த்து உச்சுக்கொட்டும்.

"பாவம், நமக்காவது சாம்பல்ல ஒண்ணு இருக்கு. அவளுக்கு அதுகூட இல்லை."

நீதி: வேலை செய்யாத பொத்தானைச் சாம்பலாக்குங்கள், காத்திருப்பார்கள். மறைத்துவிடுங்கள், மறந்துவிடுவார்கள். காரணத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள், நடந்து போய்விடுவார்கள்.